தீர்ந்தது என்று எழுதிய டப்பா

தென்காசிப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு மடம். பெயர்ப் பலகை கிடையாது. பூசை கிடையாது, பிரசங்கம் கிடையாது. வருகிறவர் பேசுவார், இருக்கிறவர் கேட்பார். அங்கே நடக்கிற காரியம் அவ்வளவுதான்.

நேரில் வர முடியாதவர்கள் கடிதம் போட்டார்கள். பிறகு போன் செய்தார்கள். போனில் பேசினால் வீட்டில் யார் காதிலாவது விழுந்துவிடும் என்று பயந்தவர்கள், போனிலேயே எழுதி அனுப்பினார்கள். அவர்களுக்காக ஒரு கம்ப்யூட்டர் வந்தது. திரையைச் சுவரில் மாட்டினார்கள். கேட்கிறவர் எதிரே பாயில் உட்கார்ந்து, கீபோர்டை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பாய்க்கும் சுவருக்கும் நடுவே வயர் எட்டாது. அதனால் வயர் இல்லாத கீபோர்டு, வயர் இல்லாத மவுஸ். இரண்டுக்குள்ளும் பேட்டரி செல்.

மடத்தை நடத்துகிறவள் உலகம்மாள். வயது நாற்பத்தேழு. எல்லோருக்கும் அக்கா. அறுபத்திரண்டு வயதான பலவேசத்துக்கும் அக்காதான். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

பலவேசம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு விபத்து கிடையாது. கெட்டுப்போன சிக்னலும் சிகப்புதான் என்பது அவர் படித்த பாடம். சந்தேகம் வந்தால் வண்டி நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மனைவி செண்பகம் காலமான பிறகு மடத்துக்கு வந்தார். வந்து எட்டு மாதம். செவ்வாயும் வெள்ளியும், பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரைக்கும் பாய் அவருடையது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கறிவேப்பிலை வந்தாள்.

அது அவளே வைத்துக்கொண்ட பெயர். சொந்தப் பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. மடத்து வழக்கம் அது. ஏழு வாரமாக வருகிறாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம், மாமியார் அசந்து தூங்குகிற நேரம். மழை பெய்ததை எழுதுவாள். குழம்பு அடிப்பிடித்ததை எழுதுவாள். மனசில் கிடப்பதை எழுத மாட்டாள்.

அன்றைக்கு இப்படி எழுதினாள்:

"நேத்து கிணத்தடில ரொம்ப நேரம் நின்னேன்."

பலவேசம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லுங்கம்மா" என்று தட்டினார்.

"ஒண்ணு சொல்லணும். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

அவள் பெயருக்குக் கீழே மூன்று புள்ளிகள் துள்ளின. எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்துத் திரையின் மூலையில் சிகப்புக் கட்டம் ஒன்று எழும்பியது. கீபோர்டு பேட்டரி மிகக் குறைவு. உடனே மாற்றவும்.

அவள் சொல்லி முடிக்கிற நேரத்தில் கீபோர்டு நின்றுபோனால்? பதில் இல்லாமல் அவள் காத்துக் கிடந்தால்?

"ஒரு நிமிஷம்மா. பேட்டரி மாத்திட்டு வந்துடறேன்" என்று தட்டிவிட்டு எழுந்தார்.

செல் இருப்பது பக்கத்து அறை அலமாரியில். அவருக்கு முழங்கால் ஒத்துழைக்காது. சுவரைப் பிடித்து எழுந்து, நடந்து, எடுத்து, வந்து, பழசைக் கழற்றிப் புதுசைப் போட்டு உட்கார நாலு நிமிஷம் ஆனது.

திரையில் ஒரு வரி இருந்தது.

"பரவாயில்ல. நீங்களும் வேலையா இருக்கீங்க. விடுங்க."

அவள் பெயருக்குப் பக்கத்திலிருந்த பச்சைப் புள்ளி அணைந்திருந்தது.

விடுங்க. அந்தச் சொல் அவருக்குப் புதுசு இல்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து செண்பகம் ஏதோ சொல்ல வாயெடுப்பாள். ஸ்டேஷனில் மணி அடிக்கும். அவர் எழுந்துவிடுவார். திரும்பி வந்து, "என்ன சொல்ல வந்தே?" என்பார். "விடுங்க" என்பாள். அப்படியே முப்பத்தோரு வருஷம் போயிற்று.

அவர் "அம்மா" என்று தட்டினார். "அம்மா, வந்துட்டேன்" என்று தட்டினார். புள்ளி பச்சை ஆகவில்லை.

அக்கா முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பலவேசம் செருப்புக்கூடப் போடாமல் வெயிலில் போய் நின்றார்.

"போயிட்டா, அக்கா."

"யாரு?"

"கறிவேப்பிலை. கிணத்தடின்னா. என்னமோ சொல்ல வந்தா. நான் செல் மாத்தப் போயிட்டேன்."

கீரை உருவிய கை நின்றது.

"கீபோர்டு நின்னுபோச்சா?"

"நிக்கல. நிக்கப் போகுதுன்னு சொல்லிச்சு."

"யாரு சொன்னது?"

"கீபோர்டுதான்."

"அது சொன்ன பிறகு நீங்க எதுவும் தட்டினீங்களா?"

"ஒரு நிமிஷம், பேட்டரி மாத்திட்டு வாரேன்னு தட்டினேன்."

"அது போச்சா?"

பலவேசம் யோசித்தார். "போச்சு. முழுசாப் போச்சு."

அக்கா கையிலிருந்த காம்பைக் கீழே வைத்தாள்.

"போலீஸுல சொல்லிருவோமா, அக்கா?"

"சொல்லலாம். பேரு?"

"கறிவேப்பிலை."

"ஊரு?"

"கேக்கலையே, அக்கா."

"ஒரு வரி போட்டு வைங்க. திறந்தா பாப்பா" என்றாள் அக்கா.

"என்னன்னு போட?"

"உங்களால முடிஞ்சதை."

அவர் திரும்பிப் போய்ப் பாயில் உட்கார்ந்தார். அவசரப்பட வேண்டாம் என்று எழுதி அழித்தார். மன்னிக்கணும் என்று எழுதி அழித்தார். வாழ்க்கையைப் பற்றி மூன்று வரி எழுதி, தானே படித்துப் பார்த்து, வெட்கப்பட்டு அழித்தார். கடைசியில், "செவ்வாய் மூணு மணி. இருப்பேன்" என்று போட்டார்.

பக்கத்தில் ஒரே ஒரு டிக் விழுந்தது. அவள் போனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

மறுநாளே பலவேசம் ஒரு நோட்டுப் போட்டார். தேதி, நேரம், எந்த செல், எப்போது போட்டது, எப்போது சிகப்பு விழுந்தது. ரயில்வேக்காரர் கையெழுத்து. கோடு கிழித்து, மை கலையாமல் எழுதியிருந்தார்.

மடத்தில் எதையும் ஒருதரம் உபயோகித்துவிட்டு எறிகிற பழக்கம் கிடையாது. அதனால் செல்லும் சார்ஜ் ஏற்றிக்கொள்கிற செல். யாரோ ஒருத்தர் இருபத்து நாலு வாங்கிக் கொடுத்திருந்தார். காலையில் சார்ஜரிலிருந்து சுடச்சுட எடுத்துப் போடுவார் பலவேசம். மத்தியானத்துக்குள் சிகப்புக் கட்டம் வந்துவிடும். வேறு ஜோடி போடுவார். அதற்கும் வரும். மூன்றுதரம் சார்ஜ் ஏற்றியும் சிகப்பு காட்டினால், அந்த ஜோடி கெட்டுப்போனது என்று தள்ளிவிடுவார். தள்ளுவதற்கு ஒரு பிஸ்கட் டப்பா. மூடியில் 'தீர்ந்தது' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். இந்த எட்டு மாதத்தில் பன்னிரண்டு செல் அதற்குள் போயிருந்தது. அந்தக் கணக்கையும் நோட்டின் முதல் பக்கத்தில் ஏற்றினார்.

சமையல்கார மாசானம் வாசல்படியில் நின்று வேடிக்கை பார்த்தான். அவனுக்கும் அறுபது இருக்கும்.

"என்ன மாஸ்டரே, மறுபடியும் சிகப்பா?"

"ஆமா வே."

"வண்டி எத்தன மணிக்கு எடுக்கும்?"

"போவே அங்கிட்டு."

வெள்ளிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரிடமும் பலவேசம் நடுவில் எழுந்தார். சிகப்பு விழுகிறது, அவர் என்ன செய்வார்? ஒரு பெரியவர், "உங்களுக்கு வயித்துக் கோளாறு போலிருக்கு, ஓமம் சாப்பிடுங்க" என்று எழுதினார். பரீட்சைக்குப் படிக்கிற பையன் ஒருத்தன், "சார், நடுவுல கிரிக்கெட் பாக்குறீங்களா? ஸ்கோர் என்ன?" என்று கேட்டான். அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒவ்வொரு தரமும் எழும்போதும் அந்த ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொள்வார். ஒற்றை டிக்தான்.

மடத்துக்குப் பின்னால் ஒரு கிணறு உண்டு. பலவேசம் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினார். குளிக்கத் தண்ணீரை மாசானம் கொண்டுவந்து கொடுத்தான். ஏன் என்று அவனும் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்.

ஒன்றரை மணிக்கே பாயில் உட்கார்ந்துவிட்டார். புது ஜோடி செல். கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு ஜோடி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மவுஸுக்கும் ஒன்று.

மூன்று மணி ஆனது. மூன்றேகால். மூன்றரை.

வேறு யாராவது எழுதினால் அவள் வருகிற நேரத்தில் கை மாட்டிக்கொள்ளும் என்று பயந்தார். நல்ல வேளை, யாரும் எழுதவில்லை. மாசானம் டீ கொண்டுவந்து வைத்தான். ஆடை கட்டிப்போனது. சிகப்புக் கட்டம் நாலு தரம் வந்தது. நாலு தரமும் செல் மாற்றினார்.

ஐந்து மணிக்கு அக்கா கதவருகே வந்தாள்.

"வரலையா?"

"வரல."

"டிக்?"

"ஒண்ணுதான்."

அக்கா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். போய்விட்டாள்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எங்கோ ஓர் ஊரில், பெயர் தெரியாத ஒருத்தி, கைப்பிடிச் சுவரில் கை வைத்துக் குனிந்து பார்க்கிறாள். கண்ணை மூடினாலும் அதுதான், திறந்தாலும் அதுதான். செல்லை மாற்றியே இருக்க வேண்டாமோ? மாற்றாமல் இருந்து, கீபோர்டு நின்றுபோயிருந்தால்? இரண்டு பக்கமும் இடித்தது.

புதன்கிழமை காலை அக்காவிடம் வந்தார்.

"என்னை இதுல இருந்து விடுங்க, அக்கா. எனக்கு லாயக்கு இல்லை. சமையல்ல போட்டுருங்க."

மாசானம் உள்ளேயிருந்து கத்தினான். "ஐயையோ! அடுப்புல தீயைப் பாத்துட்டு சிகப்புன்னு அணைச்சுப் போடுவாரு. மடமே பட்டினி."

அக்கா சிரிக்கவில்லை. "அந்த டப்பாவை எடுத்துட்டு வாங்க, அண்ணாச்சி."

கொண்டுவந்தார். அவள் மூடியைப் படித்தாள். திறந்தாள்.

"எத்தனை போட்டீங்க?"

"பன்னெண்டு. நோட்டுல இருக்கு."

"இதுல நாலுதான் இருக்கு."

பலவேசம் எட்டிப் பார்த்தார். நாலுதான் இருந்தது. நோட்டைப் புரட்டினார். பன்னிரண்டு என்றது நோட்டு. அவர் முகம் மாறியது.

அடுப்படியில் சத்தம் திடீரென்று அடங்கிப்போனது.

"மாசானம்" என்றாள் அக்கா.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "எறியத்தானே வச்சிருக்காருன்னு எடுத்தேன், அக்கா. ரேடியோவுக்கு நாலு. கொல்லைப்புறத்து டார்ச்சுக்கு மூணு. சுவர்க் கடிகாரத்துக்கு ஒண்ணு."

"ஓடுதா?"

"என்ன அக்கா இப்படிக் கேக்கிய? நீங்க பாத்துட்டு இருக்கிற மணி அதுலதான ஓடுது." பலவேசத்தின் பக்கம் திரும்பினான். "உம்ம பிணமெல்லாம் என் ரேடியோவுல பாட்டுப் பாடுது வே."

"எப்ப போட்டீரு?"

"பங்குனி உத்திரத்துக்கு முன்னால."

இப்போது ஆவணி பிறந்துவிட்டது. பலவேசம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே மணி காட்டின.

அக்கா மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு பழைய செல்லை எடுத்தாள். டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தாள். இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கண்ணாடி போட்டுப் படிங்க. சின்ன எழுத்து."

"இதுல ஒண்ணு புள்ளி அஞ்சு வோல்ட்னு போட்டிருக்கு."

"கீபோர்டு வாங்கினப்போ கூடவே வந்த செல் அது. தீர்ந்தா தூக்கி எறியிறது. மத்தது?"

"ஒண்ணு புள்ளி ரெண்டு."

"சார்ஜ் ஏத்துற செல். நிறைஞ்சு வழிஞ்சாலும் அது அவ்வளவுதான். ஆனா அதுலயே நிக்கும். கடைசிவரைக்கும் பெருசா இறங்காது."

பலவேசம் இரண்டு செல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ கீபோர்டு..."

"ஒண்ணு புள்ளி அஞ்சுதான் நிறைவுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காங்க. இதைப் போட்டா, போட்ட அன்னிக்கே அதுக்குக் குறைச்சல்தான்."

பலவேசம் செல்லைக் கீழே வைத்தார். டப்பாவின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கையெழுத்துதான்.

"இத்தனை நாளும் பொய் சொல்லியிருக்கு" என்றார்.

"பொய் எங்க சொல்லிச்சு? அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லிச்சு."

"அந்தக் கட்டம் வராம அணைச்சிரலாம், அக்கா. செட்டிங்ல இருக்கு."

"வேண்டாம்."

"ஏன்?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும்."

டப்பாவிலிருந்து இரண்டு செல்லை எடுத்துக் கீபோர்டில் போட்டாள். தீர்ந்தது என்று அவர் தள்ளிய செல். கீபோர்டின் மூடியைச் சாத்தி அதை அவர் மடியில் வைத்தாள்.

"இதை மாத்தாதீங்க."

"எதுவரைக்கும்?"

"தீருறவரைக்கும்."

பலவேசம் கீபோர்டை மடியில் திருப்பிப் பார்த்தார். "தீர்ந்துதுன்னு எப்படித் தெரியும்? நிசமாத் தீருறப்பவும் இதே கட்டம்தான வரும்? அதே சிகப்பு, அதே எழுத்து. அன்னிக்கு எது மெய்யி, எது பொய்யின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

அக்கா கீரைக் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அன்னிக்கு வந்து கேளுங்க."

வெள்ளிக்கிழமை சிகப்புக் கட்டம் பதினொரு தரம் வந்தது. பதினொரு தரமும் நோட்டில் கோடு போட்டார். எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவில்லை என்பதற்காக மனசு அடங்கிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். 'வணக்கம்' என்று தட்டப் போய் 'வண்க்கம்' என்று போனது. பரீட்சைப் பையன் மட்டும், "என்ன சார், இன்னைக்கு மேட்ச் இல்லையா?" என்று கேட்டான்.

பிறகு அந்தச் செவ்வாய்.

இரண்டு ஐம்பதுக்கு அந்த வரியின் பக்கத்தில் இரண்டாவது டிக் விழுந்தது.

இருக்கிறாள். எங்கோ ஒரு வீட்டில் ஒரு போன் திறந்திருக்கிறது.

மூன்று மணி. ஒன்றும் இல்லை. மூன்று பத்து. பச்சைப் புள்ளி எரிந்தது, அணைந்தது. மறுபடி எரிந்தது.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்று தட்டினார்.

"ரெண்டு வாரமா போன் அவர்கிட்ட இருந்தது. அணைச்சு வச்சிருந்தார்."

"சரிம்மா."

"அன்னைக்கு சொல்ல வந்தேன்."

"சொல்லுங்க."

மூன்று புள்ளிகள் துள்ளின. சிகப்புக் கட்டம் எழும்பியது.

அவர் முழங்கால் தானாகவே அசைந்தது. முப்பத்தாறு வருஷப் பழக்கம், அவரைக் கேட்டுக்கொண்டா அசையும்? வலது கையால் முழங்காலைப் பிடித்துக் கீழே அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார்.

அவள் முதல் வரியைப் போட்டாள்.

அவள் எழுதியதை இங்கே சொல்வதற்கில்லை. மடத்தில் கேட்டது மடத்தோடு. நீளமாக எழுதினாள். நடுவில் நின்றாள், திரும்ப எழுதினாள். எழுத்துப் பிழையோடு எழுதினாள். சிலதை அழித்துவிட்டு, அழித்ததையே மறுபடி எழுதினாள். பலவேசம் படித்தார். ஒரு வரியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருந்தார். கட்டம் வந்ததா, போனதா, எத்தனை தரம் வந்தது, ஒன்றும் நோட்டில் ஏறவில்லை. நோட்டு பாயின் ஓரத்தில் மூடிக் கிடந்தது. முழங்காலை அழுத்திய கை எப்போது விட்டது என்றும் அவருக்குத் தெரியாது.

நாலு மணிக்கு அவள் கேட்டாள்.

"இருக்கீங்களா?"

இருக்கேன் என்று தட்டினார்.

திரையில் எழுத்து விழவில்லை.

மறுபடி தட்டினார். இல்லை. ஓங்கித் தட்டினார். கீபோர்டைத் திருப்பி உள்ளங்கையில் அடித்தார். பொத்தானை அணைத்துப் போட்டார். கீபோர்டின் மேல் ஓரத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு வழக்கமாக மினுங்கும். அது இல்லை.

"இருக்கீங்களா?"

செல் பக்கத்து அறையில். அக்கா சொன்ன பிறகு பாய்க்குப் பக்கத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. எழுந்து, நடந்து, எடுத்து, வந்தால் நாலு நிமிஷம். "மாசானம்!" என்று கத்தினார். அடுப்படியில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவர் தள்ளிய செல்லில்தான் பாடியது. குரல் போய்ச் சேரவில்லை.

"போயிட்டீங்களா?"

பலவேசம் கீபோர்டைக் கீழே போட்டார். கையில் மவுஸ் இருந்தது. அம்பு நகர்ந்தது. மவுஸ் உயிரோடிருந்தது.

மடத்தில் சேர்ந்த புதிதில், வணக்கம் சொல்லக்கூட ஒவ்வொரு எழுத்தாகத் தேடுவார். அக்கா அந்த வரியை ஒரு பக்கத்தில் எழுதி வைத்து, மவுஸால் பிடித்து எடுத்து ஒட்டக் கற்றுக் கொடுத்திருந்தாள். அது ஞாபகம் வந்தது. திரையை மேலே மேலே தள்ளினார். அவளுடைய வரிகள் எல்லாம் கீழே இறங்கின. மூன்று பத்துக்கு வந்து நின்றார். அங்கே அவருடைய சொல் இருந்தது. அதன் மேல் அம்பை வைத்தார். பிடித்தார். கீழே வந்தார். ஒட்டினார். அனுப்பினார்.

"இருக்கேன்."

மூன்று புள்ளிகள் துள்ளின. பிறகு வந்தது.

"பயந்துட்டேன்."

அவரிடம் வேறு சொல் இல்லை. அதையே ஒட்டினார்.

"இருக்கேன்."

"எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"இருக்கேன்."

"வேற எதுவும் சொல்ல மாட்டீங்களா?"

பலவேசம் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் ஒட்டினார்.

"இருக்கேன்."

ஒரு சிரிக்கிற மூஞ்சி வந்தது. இத்தனை வாரத்தில் அவள் அனுப்பிய முதல் மூஞ்சி. அதன் பின்னால் இரண்டு வரி வந்தது.

"சித்திகிட்ட சொல்லப் போறேன். இப்பவே போன் பண்றேன். அவங்க வந்து கூட்டிட்டுப் போவாங்க."

"அடுத்த செவ்வாய் சித்தி வீட்ல இருந்து எழுதறேன். மூணு மணி."

பலவேசம் ஒட்டினார். அவள் போன பிறகும் பச்சைப் புள்ளி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்தார்.

அக்கா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பலவேசம் கிணற்றைச் சுற்றிக்கொண்டு போய் அவளுக்கு எதிரே நின்றார். கீபோர்டு கக்கத்தில் இருந்தது.

"வந்தாளா?"

"வந்தா. சொன்னா. சித்தி வீட்டுக்குப் போறாளாம்."

அக்கா துணியைப் பிழிந்தாள்.

"கையில என்ன, கீபோர்டா?"

"தீர்ந்துபோச்சு, அக்கா. நிசமாவே தீர்ந்துபோச்சு. ஒரு எழுத்து விழல."

"அன்னிக்கு வந்து கேளுங்கன்னு சொன்னேன்."

"அதான் வந்தேன்."

"கேளுங்க."

"எது மெய்யி, எது பொய்யின்னு..." என்று தொடங்கிய பலவேசம் கீபோர்டைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார்.

"எப்ப தீர்ந்துச்சு?" என்று அக்காதான் கேட்டாள்.

"தெரியல."

"கட்டம் வந்துச்சா?"

"வந்திருக்கும். பாக்கல. அவ எழுதிட்டு இருந்தா."

அக்கா கையை உதறி ஈரம் போக்கிக்கொண்டு, கொடியில் துணியை விரித்தாள்.

"சரி. இப்ப மாத்துங்க."